பழி வேறு, பணம் வேறு

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனை டாக்டர்களுக்கும் அவர்களுடைய சங்கங்களுக்கும்,



நான் டாக்டர் இல்லை. மோட்டார் விபத்து வழக்குகளை நடத்திப் பிழைத்த வக்கீல். நீதிமன்ற வளாகத்தில் எங்களை 'எம்.சி.ஓ.பி. வக்கீல்' என்பார்கள், சொல்கிற தொனியில் மரியாதை கொஞ்சம் கம்மியாகத்தான் இருக்கும். உங்களில் பலரைச் சாட்சிக் கூண்டில் பார்த்திருக்கிறேன். காயச் சான்றிதழும் ஊனச் சான்றிதழும் கொடுத்தவர் என்பதால் சம்மன் வந்து, ஓ.பி.யை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து, வாய்தா போட்டாயிற்று என்று கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பியவர்கள் நீங்கள். அந்தப் பழக்கத்தின் உரிமையில் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளாக நீங்கள் அரசிடம் வைக்கும் கோரிக்கைகளைப் படித்து வருகிறேன். வார்டுக்குக் காவல் வேண்டும். அட்டெண்டர் பாஸ் முறையைக் கண்டிப்பாக்க வேண்டும். மருத்துவமனை வன்முறைக்கு எதிரான 2008-ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டில் மட்டும் இருக்கக் கூடாது. சிகிச்சையில் மரணம் என்றதும் எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது. எல்லாமே நியாயம். 2024 நவம்பரில் சென்னையில் ஒரு புற்றுநோய் மருத்துவர் ஓ.பி. அறைக்குள்ளேயே கத்தியால் குத்தப்பட்ட பிறகு, இதையெல்லாம் நியாயமில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் பட்டியலில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. சிகிச்சையின்போது கெடுதல் நேர்ந்துவிட்ட நோயாளிக்கு, அது உங்கள் தவறால் வந்ததோ யார் தவறும் இல்லாமல் வந்ததோ, பணம் எப்படிப் போய்ச் சேரும் என்ற வரி. அது இல்லாததால்தான் மற்ற வரிகள் பலிக்காமல் போகின்றன என்பது என் கட்சி.

இன்றைய நிலையைக் கொஞ்சம் நோயாளியின் பக்கம் நின்று பாருங்கள். 1995-இல் உச்ச நீதிமன்றம் மருத்துவ சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது உங்களுக்குத் தெரியும். அதே தீர்ப்பில் ஒரு விலக்கும் உண்டு. எல்லாருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் இடம் அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கும். தனியார் மருத்துவமனையில் லட்சங்கள் கட்டியவருக்கு நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறந்திருக்கிறது. உங்கள் வார்டில் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவருக்கு அந்தக் கதவு பெரும்பாலும் இல்லை. கட்டண வார்டு என்று ஏதாவது இருந்தால் எங்களைப் போன்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழையப் பார்ப்போம். இல்லையென்றால் சிவில் வழக்கு, அல்லது உயர் நீதிமன்றத்தில் ரிட். கூலி வேலைக்குப் போகிறவருக்கு இரண்டும் எட்டாது.

எட்டினவர்களுக்கும் என்ன கிடைத்தது? 1996-இல் சென்னையின் அரசு மருத்துவமனை ஒன்றில் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும் என்று பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை. பார்வை போனது. உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய 1.8 கோடி ரூபாய் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தபோது ஆண்டு 2015. குழந்தைக்கு வயது பதினெட்டு. இது வென்ற வழக்கு, நாடெங்கும் மேற்கோள் காட்டப்படும் வழக்கு. தோற்றவற்றையும் தொடுக்கப்படாதவற்றையும் யார் கணக்கெடுப்பது?

வழக்கு எட்டாதபோது எஞ்சுவது சத்தம். உடலை வாங்க மறுப்பது, சாலை மறியல், கேமராக்கள், தாசில்தார் வந்து பேச்சுவார்த்தை, பிறகு முதல்வர் பொது நிவாரண நிதியிலிருந்து ஓர் அறிவிப்பு. கூடவே ஒரு டாக்டர் பணியிடை நீக்கம். பணம் வாங்க வேண்டுமானால் ஒரு தலை உருள வேண்டும் என்பதை அரசே மக்களுக்குக் கற்றுக்கொடுத்து வைத்திருக்கிறது. வார்டு வாசலில் ஆத்திரத்தோடு நிற்பவரிடம் நீங்கள் எதிர்கொள்வது இந்தப் பாடத்தைத்தான். ஆத்திரம் முழுவதும் பணத்தால் வருவது என்று நான் சொல்லவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் அப்படிச் சொன்னால் செருப்படி கிடைக்கும். ஆனால் பதில் சொல்ல ஆளும் இல்லை, பிழைக்க வழியும் இல்லை என்ற நிலையில் ஆத்திரத்துக்குப் போக வேறு இடம் கிடையாது.

இந்த முடிச்சை என் தொழிலில் ஓரளவு அவிழ்த்துவிட்டோம். எழுபதுகளின் இறுதியில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், சாலையில் அடிபட்டவரிடம் போய் டிரைவரின் தப்பை நிரூபி என்பது கொடுமை, சட்டத்தை மாற்றுங்கள் என்று தீர்ப்புகளிலேயே எழுதினார். 1982-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 92-ஏ பிரிவு நுழைந்தது. இறந்தால் 15,000, நிரந்தர ஊனம் என்றால் 7,500. யார் தப்பு என்ற கேள்வியே கிடையாது. தொகை பரிதாபம்தான், கொள்கை பெரிது. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 140-ஆம் பிரிவானது. 2019 திருத்தத்தின் 164-ஆம் பிரிவில் இறப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் ஆகியிருக்கிறது. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது தொகையை அல்ல. டிரைவர் மேல் குற்ற வழக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தன் போக்கில் நடக்கும். நஷ்டஈடு தீர்ப்பாயத்தில் தன் போக்கில் நடக்கும். அங்கே விடுதலையானாலும் இங்கே பணம் வரும். பழிக்கு ஓர் அறை, பணத்துக்கு இன்னோர் அறை. 2021-இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கிறதே, அதிலும் ஹெல்மெட் போட்டிருந்தாயா என்று கேட்டுவிட்டா ரத்தம் ஏற்றுகிறீர்கள்?

மருத்துவத்தில் இதைச் செய்த நாடுகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டையும் உண்டு. ஓட்டைகளைத்தான் நீங்கள் நன்றாகப் பார்க்க வேண்டும்.

முழுதாகப் போன நாடு நியூசிலாந்து. நீதிபதி ஓவன் வுட்ஹவுஸ் தலைமையிலான ஆணையம் 1967-இல் அறிக்கை கொடுத்தது. தொழிற்சாலை, சாலை, வீட்டுக் குளியலறை, எங்கே அடிபட்டாலும் சமூகமே பொறுப்பேற்க வேண்டும் என்றது. 1974 ஏப்ரல் 1 முதல் திட்டம் ஓடுகிறது. காயத்துக்கு நஷ்டஈடு கேட்டு யாரும் யார் மீதும் வழக்குப் போட முடியாது. பதிலுக்கு, விபத்து இழப்பீட்டுக் கழகம் சிகிச்சைச் செலவைத் தரும், வேலைக்குப் போக முடியாதவருக்கு வாரச் சம்பளத்தில் 80 சதவீதம் தரும், மறுவாழ்வு ஏற்பாடுகளைச் செய்யும். சிகிச்சையால் வரும் கேடும் இதற்குள் அடக்கம்.

கேட்க இனிக்கிறது. ஆனால் அங்கேயும் தப்பு பின்வாசல் வழியாக உள்ளே வந்தது. 1992-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவக் கேட்டை இரண்டாகப் பிரித்தது. ஒன்று, மருத்துவப் பிழை. அதற்கு டாக்டர் கவனக்குறைவாக இருந்தார் என்று காட்ட வேண்டும். இன்னொன்று, யார் தப்பும் இல்லாத அசம்பாவிதம். அதற்கு, நூற்றில் ஒருவருக்கோ அதைவிடக் குறைவாகவோ வரக்கூடிய அரிய கேடாகவும் கடுமையானதாகவும் இருக்க வேண்டும். பிழை என்று முடிவானால் ஒழுங்கு நடவடிக்கை அமைப்புகளுக்குத் தகவல் போகும். பிறகு எந்த டாக்டர் மனமுவந்து விண்ணப்பத்தில் ஒத்துழைப்பார்? பெயரளவில் தப்பு பார்க்காத திட்டம், நடைமுறையில் தப்பைத் தேடிக்கொண்டிருந்தது. 2005 ஜூலையில்தான் இந்தப் பிரிவினையைத் தூக்கி எறிந்து 'சிகிச்சைக் காயம்' என்ற ஒரே வகையைக் கொண்டுவந்தார்கள். சிகிச்சையால் வந்ததா, அந்தச் சிகிச்சைக்கு வழக்கமான விளைவுதானா, அவ்வளவுதான் கேள்வி. அதன்பின் விண்ணப்பத்தை எழுதி அனுப்புகிறவரே பெரும்பாலும் சிகிச்சை தரும் டாக்டர்தான். நோயாளியும் டாக்டரும் மேசையின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பும் காட்சியை நம் ஊர் நீதிமன்றத்தில் காலம் கழித்த எவனும் நம்பமாட்டான்.

அந்த நாட்டின் இன்னொரு கதை உங்களுக்கு இதைவிட முக்கியம். ஆக்லாந்தின் தேசிய மகளிர் மருத்துவமனையில் 1966 முதல், கருப்பை வாய்ப் புற்றுநோயின் முன்நிலையில் இருந்த பெண்களுக்கு வழக்கமான சிகிச்சையைத் தராமல், நோய் எப்படிப் போகிறது என்று கவனித்து வந்தார்கள். பெண்களுக்குச் சொல்லவில்லை. சிலருக்குப் புற்றாக முற்றியது, சிலர் இறந்தார்கள். 1987-இல் சாண்ட்ரா கோனி, ஃபிலிடா பங்கிள் என்ற இருவர் 'மெட்ரோ' இதழில் எழுதிய கட்டுரைதான் அதை அம்பலமாக்கியது. நீதிபதி சில்வியா கார்ட்ரைட்டின் விசாரணை அறிக்கை 1988-இல் வந்தது. கணக்குப் பாருங்கள்: நஷ்டஈட்டுத் திட்டம் 1974-இலேயே வந்துவிட்டது. வழக்குப் போடும் உரிமை போய்விட்ட நாட்டில், அதன் இடத்தில் கண்காணிக்க வேறு கண் எதையும் வைக்காமல் பல ஆண்டுகள் ஓட்டியிருக்கிறார்கள். நோயாளியின் புகாரை விசாரிக்கத் தனி ஆணையருக்கான சட்டம் 1994-இல்தான் வந்தது; நோயாளி உரிமை விதித்தொகுப்பு 1996-இல். பணத்துக்கான அறையைக் கட்டிவிட்டுப் பழிக்கான அறையைக் கட்ட மறந்ததன் விலையைப் பெண்கள் கொடுத்தார்கள். உங்கள் சங்கத்தில் யாராவது 'நோ ஃபால்ட் வந்தால் நம்மை யாரும் கேட்க முடியாது' என்று உற்சாகப்பட்டால், இந்தக் கதையை அவருக்குச் சொல்லுங்கள்.

நியூசிலாந்துச் சட்டத்தில் இன்னொரு விலக்கும் உண்டு. வள ஒதுக்கீட்டு முடிவால் மட்டுமே வந்த கேடு சிகிச்சைக் காயம் ஆகாது. கருவி இல்லை, படுக்கை இல்லை, வரிசை நீளம் என்பதெல்லாம் கணக்கில் வராமல் போகலாம். அந்தப் பிரிவை அப்படியே நம் ஊருக்கு எடுத்து வந்தால், ஒரு நர்ஸ் நாற்பது பேரைப் பார்க்கும் வார்டில் நடப்பதில் பாதி அந்த ஒற்றை வரியில் கரைந்துவிடும்.

ஸ்வீடன் 1975-இல் சட்டமே இல்லாமல், உள்ளாட்சி அமைப்புகள் தாமாக எடுத்த காப்பீடாகத் தொடங்கியது. சட்டம் 1997-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அவர்கள் கேட்கும் கேள்வி வேறு: அந்தத் துறையில் அனுபவம் மிக்க ஒரு நிபுணர் பார்த்திருந்தால் இந்தக் கேட்டைத் தவிர்த்திருக்க முடியுமா? முடியும் என்றால் பணம். பயிற்சி டாக்டர் செய்தாரா, நள்ளிரவு மூன்று மணியா, முப்பத்தாறு மணி நேர டியூட்டியின் கடைசிப் பகுதியா என்பதெல்லாம் நோயாளிக்குத் தேவையில்லாத விவரம். இது கேட்பதற்குக் கடுமையாக இருக்கும், ஆனால் பி.ஜி. மாணவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. 'நிபுணர் செய்திருந்தால் தவிர்த்திருக்கலாம்' என்பது அந்தப் பிள்ளை குற்றவாளி என்ற முடிவு ஆகாது. நிபுணரை அந்த நேரத்தில் அங்கே வைக்காத அமைப்பைப் பற்றிய முடிவு. டாக்டரின் உரிமம், கண்டிப்பு எல்லாம் வேறு அமைப்பின் வேலை. நோயாளி செலவில்லாமல் விண்ணப்பிக்கலாம். வேண்டுமானால் நீதிமன்றமும் போகலாம், போகிறவர்கள் சொற்பம். பின்லாந்து 1987, நார்வே 1988, டென்மார்க் 1992 என்று பக்கத்து நாடுகளும் அதே வழியில் வந்தன. டென்மார்க் ஒரு படி மேலே போய், தவிர்க்கவே முடியாத கேடாக இருந்தாலும், வந்த நோயோடு ஒப்பிட்டால் ஒருவரைச் சகித்துக்கொள் என்று சொல்ல முடியாத அளவுக்கு அரிதும் கடுமையுமாக இருந்தால் பணம் தரும். சின்ன அறுவை சிகிச்சைக்குப் போய்ப் பக்கவாதத்தோடு திரும்பியவரை எண்ணிப் பாருங்கள்.

ஸ்காண்டிநேவிய நாடுகளைப் புகழ்கிறவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். அங்கே நஷ்டஈட்டுத் தொகைகள் அடக்கமானவை. அடக்கமாக இருக்க முடிவதற்குக் காரணம், மருத்துவச் செலவும் நோய்க்கால ஊதியமும் ஊன உதவியும் ஏற்கெனவே வேறு வழியில் வந்துவிடுகின்றன. காப்பீடு மேலே கொஞ்சம் ஊற்றினால் போதும். நம் ஊரில் கீழே பாத்திரமே இல்லை. அதனால் அவர்களுடைய தொகையை இங்கே நகல் எடுத்தால் அது நோயாளிக்கு மோசடி.

பிரான்சில் தப்பும் தப்பின்மையும் ஒரே வாசலில் நுழைகின்றன. அசுத்த ரத்தம் ஏற்றிய ஊழலில் அடிபட்ட நாடு அது. 1993-இல் அங்கத்திய உச்ச நிர்வாக நீதிமன்றம், மிக அரிய ஆபத்து நேர்ந்தால் தப்பில்லாவிட்டாலும் அரசு மருத்துவமனை பணம் தர வேண்டும் என்றது. தானே ஒரு டாக்டரான பெர்னார் குஷ்னேர் சுகாதார அமைச்சராக இருந்தபோது 2002 மார்ச் 4-இல் வந்த சட்டம் அதை முறைப்படுத்தியது. நோயாளி மண்டல ஆணையத்துக்கு ஒரு விண்ணப்பம் போடுவார். தலைமையில் ஒரு நீதிபதி. சுற்றி நோயாளிகளின், டாக்டர்களின், மருத்துவமனைகளின் பிரதிநிதிகள். மருத்துவ நிபுணரின் பரிசோதனைக்கு நோயாளி காசு கொடுக்க வேண்டாம். ஆறு மாதத்தில் கருத்து. தப்பு என்றால் மருத்துவமனையின் காப்பீட்டு நிறுவனம் நான்கு மாதத்தில் தொகை சொல்ல வேண்டும். தப்பில்லாத விபரீதம் என்றால் தேசிய நிதி அலுவலகம் தரும். காப்பீட்டு நிறுவனம் முறுக்கிக்கொண்டால் தேசிய அலுவலகமே நோயாளிக்குக் கொடுத்துவிட்டு நிறுவனத்திடம் வசூலித்துக்கொள்ளும். இன்ஷூரன்ஸ் கம்பெனி மேல்முறையீட்டுக்கு மேல்முறையீடு என்று இழுத்ததில் கட்சிக்காரர் கிழவராகிப்போனதைப் பார்த்த எனக்கு, இந்த ஒரு பிரிவுக்காகவே அந்தச் சட்டத்துக்கு மாலை போடத் தோன்றுகிறது. ஓட்டை எங்கே என்றால் வாசற்படியில். நிரந்தர ஊனம் 24 சதவீதத்துக்கு மேல், அல்லது ஆறு மாதம் வேலைக்குப் போக முடியாமை என்ற மாதிரி உயரமான படி. 20 சதவீதக்காரர் வழக்கமான நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

இனி ஜப்பான். உங்களுக்கு மிக நெருக்கமான கதை இது.

2004-இல் புகுஷிமா மாகாணத்தின் ஒரு சிறிய ஊர் மருத்துவமனையில் சிசேரியன். நஞ்சு கருப்பையோடு ஒட்டிப் பிரிய மறுத்தது, ரத்தப்போக்கு, தாய் இறந்தார். அந்த மருத்துவமனையில் இருந்தது ஒரே ஒரு மகப்பேறு டாக்டர். 2006 பிப்ரவரியில் போலீஸ் அவரைக் கைது செய்தது. 2008 ஆகஸ்டில் நீதிமன்றம் விடுதலை செய்தது. இடையில் நாடே அதிர்ந்தது. மகப்பேறு வேண்டாம் என்று இளம் டாக்டர்கள் ஒதுங்குகிறார்கள், சிற்றூர்களில் பிரசவ வார்டுகள் மூடப்படுகின்றன என்ற பேச்சு பெரிதாகியது. 2009 ஜனவரியில், பிரசவத்தை ஒட்டிக் கடுமையான மூளை முடக்குவாதம் வந்த குழந்தைகளுக்கான இழப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. மொத்தம் 3 கோடி யென். முதலில் 60 லட்சம், பிறகு இருபது ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12 லட்சம். தப்பை நிரூபிக்க வேண்டாம். பிறவிக் கோளாறுகள் சேராது. பிரசவம் ஒன்றுக்கு 30,000 யென் பிரீமியம் மருத்துவமனை கட்டும். அரசு அதே அளவுக்குப் பேறுகால உதவித் தொகையைக் கூட்டிவிட்டது. எதிர்பார்த்ததைவிடக் குறைவான குழந்தைகளே தகுதி பெற்றதால் பணம் மீந்தது. பிரீமியத்தைப் பின்னால் குறைத்தார்கள், தகுதி வரம்பையும் தளர்த்தினார்கள்.

என்னைக் கவர்ந்தது பணம் கொடுத்த பிறகு அவர்கள் செய்வது. ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் நிபுணர் குழு காரணத்தை ஆராய்ந்து அறிக்கை எழுதும். அறிக்கை பெற்றோருக்கும் போகும், மருத்துவமனைக்கும் போகும். பெயர்கள் நீக்கிய சுருக்கம் வெளியாகும். சட்டப் பொறுப்பு யாருக்கு என்று அது தீர்ப்புச் சொல்லாது. ஆக்ஸிடோசின் கொடுத்த விதம், குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனித்த விதம் எல்லாம் அதில் இருக்கும். அப்படிச் சேர்ந்த அறிக்கைகளிலிருந்து, மறுபடி நிகழாமல் தடுப்பதற்கான பரிந்துரைகள் வருகின்றன. பெற்றோர் வழக்குப் போடுவதைச் சட்டம் தடுக்கவில்லை. என்ன நடந்தது என்று யாரும் சொல்லாததால் கோர்ட்டுக்கு வருகிற கூட்டம் ஒன்று எப்போதும் உண்டு. என் அனுபவத்தில் அது பெரிய கூட்டம். அவர்களுக்கு இந்த அறிக்கையே பாதி நீதி.

அதே பிரசவக் கேட்டுக்கு அமெரிக்காவின் ஃபுளோரிடா 1988-இல் கட்டிய திட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மகப்பேறு டாக்டர்களின் காப்பீட்டு பிரீமியம் தாறுமாறாக ஏறியதால் பிறந்த திட்டம் அது; டாக்டர்களைக் காப்பாற்றவே வடிவமைத்தார்கள். வழக்குப் போடும் உரிமையைப் பறித்தார்கள். பெற்றோருக்கு ஒரு முறை 1 லட்சம் டாலர், பிறகு தேவையான மருத்துவச் செலவு. 2021-இல் 'மயாமி ஹெரால்டு', 'புரோபப்ளிகா' நிருபர்கள் தோண்டியபோது, நிதியில் நூறு கோடி டாலருக்கு மேல் குவிந்து கிடந்தது. பெற்றோர்களோ சக்கர நாற்காலிக்கும் மருந்துக்கும் அலுவலகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன்பின்தான் தொகையை 2.5 லட்சமாக்கி, நிர்வாகக் குழுவில் ஒரு பெற்றோருக்கு இடம் கொடுத்தார்கள். இரண்டுமே 'நோ ஃபால்ட்' என்ற பெயரில்தான் ஓடுகின்றன. ஒன்றைக் கட்டியவர்கள் என்ன நடந்தது என்று கேட்டார்கள், இன்னொன்றைக் கட்டியவர்கள் எவ்வளவு மிச்சம் என்று கேட்டார்கள்.

இதெல்லாம் பணக்கார நாட்டுச் சமாச்சாரம் என்பீர்கள். உங்கள் கையாலேயே இதன் ஒரு துண்டை நடத்திக்கொண்டிருக்கிறீர்கள். குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண் மறுபடி கருவுற்றால், அல்லது சிக்கலாகி இறந்தால், 2005 முதல் வரையறுத்த தொகை உண்டு. ஆபரேஷன் செய்த டாக்டரின் தப்பை அந்தப் பெண் நிரூபிக்க வேண்டாம்; டாக்டருக்கும் வழக்கிலிருந்து காப்பு உண்டு. மருந்துப் பரிசோதனைகளுக்கான 2019-ஆம் ஆண்டு விதிகளிலும், பரிசோதனையால் காயம் என்றால் கவனக்குறைவை நிரூபிக்காமலே இழப்பீடு. ஆக, இந்த நாட்டில் இன்னும் சந்தைக்கு வராத மருந்தைச் சாப்பிட்டுக் கெட்டவருக்கு வழி இருக்கிறது, வந்த மருந்தைச் சாப்பிட்டுக் கெட்டவருக்கு இல்லை. சட்டம் போடுகிறவர்களின் நகைச்சுவை உணர்ச்சியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

எதிலிருந்து தொடங்குவது? பிரசவத்திலிருந்து என்பேன். தமிழ்நாட்டில் பிரசவம் ஏறக்குறைய முழுக்க மருத்துவமனைகளில்தான் நடக்கிறது. ஆண்டுக்கு ஒன்பது லட்சத்தை ஒட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானைப் போலக் கறாரான வரம்பு வைத்து, ஆண்டுக்கு 500 குழந்தைகள் தகுதி பெறுவதாகவும், தலா 20 லட்சம் தவணைகளில் தருவதாகவும் ஒரு பேச்சுக்குக் கொள்வோம். 100 கோடி. பிரசவம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் சொச்சம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்கு 18,000 ரூபாய் மதிப்புக்கு உதவி தருகிற அரசு இது. 500 என்பதும் 20 லட்சம் என்பதும் நான் வைத்த எண்கள். இரட்டிப்பானாலும் நிதித் துறை மயங்கி விழாது. தனியார் மருத்துவமனைகள் தங்கள் பங்கைக் கட்டட்டும். சிசேரியன் விகிதத்தில் அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

எளிதாக முடிந்துவிடும் என்று ஏமாற்ற மாட்டேன். தப்பை விட்டுவிட்டாலும் காரணம் என்ற கேள்வி போகாது. குழந்தையின் மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தது பிரசவ மேசையிலா, அதற்கு முன் கருவிலா, ஆம்புலன்சிலா? நோயால் வந்ததா, சிகிச்சையால் வந்ததா என்ற சண்டை நியூசிலாந்திலும் ஓயவில்லை. அங்கே பக்கவாதம் வந்தவருக்கு ஒரு தராசு, கையுடைந்தவருக்கு வேறு தராசு என்ற புகார் இன்றும் இருக்கிறது. நம் ஊரில் கேஸ் ஷீட் எப்படி எழுதப்படுகிறது என்பதை நான் குறுக்கு விசாரணையில் பார்த்திருக்கிறேன். பிரசவத்தின் போக்கை அவ்வப்போது குறிக்க வேண்டிய பார்ட்டோகிராம், பிரசவம் முடிந்த பிறகு ஒரே மூச்சில் ஒரே பேனாவால் நிரப்பப்படும் இடத்தில், எந்தத் திட்டமும் உண்மையைக் கண்டுபிடிக்காது.

அதனால்தான் குற்றச் சட்டத்தைப் பற்றிய உங்கள் கோரிக்கையை இதோடு இணைக்கச் சொல்கிறேன். 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் மற்றவர்களுக்கு ஐந்தாண்டு வரை, பதிவு பெற்ற டாக்டருக்கு இரண்டாண்டு வரை என்கிறது. அதையும் எடுத்துவிடச் சொல்லிக் கேட்கிறீர்கள். வெறுமனே கேட்டால் மக்கள் காதில் அது சலுகையாக விழும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இழப்பீட்டு விசாரணையில் டாக்டரும் நர்ஸும் மனம்விட்டுச் சொன்னதைக் குற்ற வழக்கில் சான்றாக வைக்கக் கூடாது, பதிலுக்கு, சொல்லியே ஆக வேண்டும், கேஸ் ஷீட்டைத் திருத்தினால் அதற்குத் தனித் தண்டனை, அறிக்கை பெற்றோர் கைக்குப் போக வேண்டும், திரும்பத் திரும்ப ஒரே பெயர் வந்தால் மருத்துவக் கவுன்சிலுக்கும் போக வேண்டும். கவுன்சிலில் டாக்டர்களே டாக்டர்களை விசாரிக்கும் ஏற்பாட்டையும் அப்போது மாற்ற வேண்டியிருக்கும். அது உங்களுக்குக் கசக்கும்.

'பணம் தர ஆரம்பித்தால் எல்லாரும் வந்து நிற்பார்கள்' என்று உங்களில் ஒருவர் சொல்வார். நியூயார்க் மருத்துவமனைகளின் 1984-ஆம் ஆண்டுக் கேஸ் ஷீட்டுகள் முப்பதாயிரத்துக்கும் மேல் எடுத்து ஹார்வர்டு ஆய்வாளர்கள் புரட்டினார்கள். முடிவு 1991-இல் வந்தது. கவனக்குறைவால் கெடுதல் அடைந்தவர்களில் வழக்குப் போட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. போடப்பட்ட வழக்குகள் பலவற்றில் கவனக்குறைவே தென்படவில்லை. வழக்குக்குப் பேர்போன அமெரிக்காவின் லட்சணம் இது. நிஜமாகக் கெட்டவர்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். வருகிறவர்களில் பலர் விளக்கம் கேட்டு வருகிறார்கள்.

எதிர்ப்பு எங்கள் பக்கமிருந்தும் வரும். தீர்ப்புத் தொகையில் சதவீதம் பேசிக்கொள்கிற வக்கீல்களுக்கு இந்தத் திட்டத்தில் வேலை குறைவு. அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்களிடம் கேட்பது ஒரு எண். சிறப்புப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புப் பிரிவுகளின் பதிவேடுகளில், பிறக்கும்போது மூச்சுத் திணறி வந்த குழந்தைகளின் கணக்கு மாவட்ட வாரியாக இருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் பிறகு மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு மூளை முடக்குவாதத்தோடு வந்தார்கள் என்பதை உங்கள் சங்கங்கள் சேர்ந்து எடுத்துக்கொடுத்தால், நான் பேச்சுக்கு வைத்த 500 உண்மையில் எவ்வளவு என்று தெரிந்துவிடும். சுகாதாரத் துறைச் செயலாளருடன் அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும்போது, காவல், அட்டெண்டர் பாஸ், எஃப்.ஐ.ஆர். வரிகளுக்கு மேலே அந்த எண்ணை வையுங்கள். வரைவு மசோதாவின் பிரிவுகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தருகிறேன், கட்டணம் வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வழக்கறிஞர்